வலது பக்கத்து அரக்கு

“அதுல க்ளிக்கே வராதுன்றேன். ஒரு தடவ சொன்னா புரியாதா ஜோ?”

“அதான் எனக்கு வேணும்.”

“க்ளிக் இல்லாத கியர வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? செயின் எந்தப் பல்லுல நிக்குதுன்னு எப்படித் தெரியும்?”

“காதுல கேட்டுக்கறேன்.”

“ஈ.சி.ஆர்.ல பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கினு போவான். அதுக்கு நடுவுல உன் செயின் சத்தம் கேக்குமா? நல்லா கீது கதை.”

“அப்போ கால்ல தெரிஞ்சிக்கறேன். பெடல் சொல்லும்டா. நீ முதல்ல அந்த டப்பாவைக் குடு.”

யாசிர் கொடுக்கவில்லை. ஜொவிட்டாவே குனிந்து டப்பாவை இழுத்தாள், இடது கையால். அடையாறு சாஸ்திரி நகரில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது யாசிரின் சைக்கிள் கடை. ஜூலை மாத மத்தியானம். ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த சாக்பீஸ் தூள் இன்னும் புடவை மடிப்பில் இருந்தது. டப்பாவில் கைவிட்டுத் துழாவி இரண்டு பழைய கியர் குச்சிகளை எடுத்தாள். கட்டைவிரல் அளவுதான். ஜப்பான் சைக்கிள் ஒன்றைப் பிரித்தபோது மிஞ்சியவை. தூக்கிப் போடலாம் என்று யாசிர் ஒதுக்கி வைத்திருந்தான்.

ஜொவிட்டாவோடு சைக்கிள் ஓட்டுகிற சிநேகிதன் நான், அப்போது அங்கேதான் இருந்தேன். மயிலாப்பூரிலிருந்து என் சைக்கிளுக்குச் செயின் மாற்ற வந்தவன், செயினை மறந்துவிட்டு அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த மாதிரிப் பழைய சாமான் என்றால் கொஞ்சம் பைத்தியம்.

விஷயம் இதுதான். இப்போது வரும் ரோடு பைக் என்கிற வேகச் சைக்கிள்களில் பிரேக் கைப்பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால் கியர் மாறும். தள்ளுவது விரல்களின் வேலை. ஜொவிட்டாவின் வலது கையில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. போன வருஷம் அடையாறு பாலம் இறங்கும்போது, ஓரமாக நின்றிருந்த கார் ஒன்றின் கதவு திறந்தது. அதில் மோதி, கதவுக் கண்ணாடி உடைந்து உள்ளங்கைக்குள் இறங்கியதில் நரம்பு அறுந்தது. ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி ஆகிவிட்டன. மற்ற மூன்றும் பாதி மடங்கும், அதோடு நின்றுவிடும்.

பழைய குச்சிக்கு விரல் வேண்டாம். ஹேண்டில்பாரின் நுனியில், குழாய் முடியும் ஓட்டைக்குள் சொருகித் திருகிவிட்டால் போதும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு பக்கம் தள்ளினால் கேபிள் இழுபடும், மறுபக்கம் தள்ளினால் விடும். நடுவில் எந்த இடத்திலும் நிற்கும். பழைய ரேடியோவில் திருகிக்கொண்டே போய் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. கொரகொரவென்றால் இன்னும் கொஞ்சம். சத்தம் அடங்கினால் சரி.

“பட்டன் வெச்ச எலக்ட்ரானிக் ஷிஃப்டர் வாங்கு. லேசா அமுக்கினா போதும்” என்றான் யாசிர்.

“அமுக்கறதுக்கும் விரல் வேணும்டா.”

“சரி, இதையே போட்டுத் தரேன். இடது பக்கம் போடறேன், இன்னா? நல்ல கை அதானே?”

“நல்ல கை பாரைப் பிடிச்சிக்கணும். இந்தக் கை குச்சியத் தள்ளட்டும். வலது பக்கம் போடு.”

யாசிர் என்னைப் பார்த்தான். “ஷ்ரவண், நீ சொல்லு மச்சி. வாத்தியாரம்மா நம்மளையும் பெஞ்சு மேல ஏத்திடும் போலக் கீதே.”

“அவ சொல்றது சரிதான்டா” என்றேன்.

“ரெண்டு பேரும் லூசு” என்று ஸ்பானரை எடுத்தான்.

ஜொவிட்டாவுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்றால், வேளாங்கண்ணி. சாந்தோமில் அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு குழு சைக்கிளில் வேளாங்கண்ணி போகும். ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் சாலையின் ஓரம் முழுக்கத் தென்படுவார்கள். இவர்கள் அவர்களைத் தாண்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். காலேஜ் நாளிலிருந்து ஜொவிட்டா ஒரு வருஷம்கூட விட்டதில்லை. போன வருஷமும் போனாள். ஆனால் வேனில். தண்ணீர் கேன்களுக்கும் ஸ்பேர் டயர்களுக்கும் நடுவில், கையில் கட்டோடு.

இந்த வருஷம் வேனா சைக்கிளா என்பதைத் தீர்மானிக்கிறவன் குழுவின் கேப்டன். கேப்டன் அவளுடைய அண்ணன் லாய்ட்.

*

சாந்தோமில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. ஜன்னல் கம்பி, கேட், பூட்டு எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கும். அதனால் ஜொவிட்டாவின் சைக்கிள் ஹாலில்தான் நிற்கும், இடது பக்கம் சுவரில் சாய்ந்து, மாதா படத்துக்குக் கீழே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாடு. அவள் அம்மா ஆலிஸ் வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்திருந்தார். எனக்குத் தனியாகப் பருப்பு ரசமும் உருளைக்கிழங்கும்.

“மீன் வறுக்கற சட்டில செய்யலப்பா, பயப்படாம சாப்பிடு” என்றார் ஆலிஸ் ஆண்ட்டி. மயிலாப்பூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் அவர். பரிமாறும் முன் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டார். கொரோனா வந்து போன பிறகும் அந்த வீட்டில் அது போகவில்லை. வாசலில் ஒரு பாட்டில், டைனிங் டேபிளில் ஒரு பாட்டில், பாத்ரூம் பக்கத்தில் ஒரு கேன்.

“இந்தம்மா தண்ணியக் குடிக்கறதுக்கு முன்னாடி டம்ளருக்கும் ரெண்டு சொட்டு விடுவாங்க” என்றார் வால்டர் அங்கிள், ஜொவிட்டாவின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

“ஆமா, உங்களுக்கு விடணும். தும்மறப்போ கர்ச்சீப் எடுக்கத் தெரியாத ஆளு.”

லாய்ட் சிரிக்கவில்லை. அவன் தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

“ஜோ, யார் யார் வர்றாங்கன்னு ஃபாதர் லிஸ்டு கேக்கறாரு. வேன்ல உன் பேரப் போட்டுடறேன்.”

“வேன்ல ஏன் போடற?”

“போன வருஷம் வந்தல்ல? அதே மாதிரி.”

“போன வருஷம் வந்தேன். நீங்க நிறுத்தின எடத்துல எல்லாம் ஆரஞ்சு உரிச்சிக் குடுத்தேன், ஒத்தக் கையால. சிதம்பரத்துக்கிட்ட மழை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க எல்லாம் நனைஞ்சிக்கினு போனீங்க. நான் கண்ணாடிய ஏத்திக்கினு உள்ள உக்காந்திருந்தேன். அன்னைக்கே சொல்லிட்டேன், இன்னொரு தடவ வேன்ல ஏற மாட்டேன்னு.”

“யார்கிட்ட சொன்ன?”

“மாதாகிட்ட.”

“மாதா என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

“டேய், சாப்புட்ற நேரத்துல…” என்றார் ஆலிஸ் ஆண்ட்டி.

லாய்ட் தட்டைத் தள்ளிவைத்தான். “மம்மி, நான் விளையாட்டுக்குச் சொல்லல. ஜோ, கேளு. வரிசைல முன்னாடி போறவங்க பள்ளத்த இடது கையால காட்டணும். காட்டற நேரத்துல பார்ல இருக்கறது வலது கை மட்டும்தான். அந்தக் கை நழுவிச்சுன்னா நீ மட்டும் விழ மாட்ட. பின்னாடி வர்றவங்க எல்லாரும் உன் மேல வந்து விழுவாங்க. இது அண்ணனா சொல்லல.”

“பின்ன யாரா சொல்ற? போப்பாண்டவரா?”

வால்டர் அங்கிளுக்கு ரசம் புரையேறியது.

“கேப்டனா சொல்றேன். சும்மா நடுவுல வர்றதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாரும் முறை எடுத்து முன்னாடி போறாங்க. நீயும் போகணும். முடியுமா?”

“முடியும்.”

“சரி. அடுத்த மாசம் முதல் ஞாயிறு, கோவளம் வரைக்கும் போய்ட்டு வருவோம். உன் முறை வரும்போது நீ முன்னாடி. நான் உன் பின்னாடியே வருவேன். வலது கை ஒரு தடவ நழுவினாலும் வேன்.”

“ஒரு தடவையும் நழுவலைன்னா?”

“சைக்கிள்.”

ஆலிஸ் ஆண்ட்டி எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை. கொஞ்சம் கழித்து அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது.

“அந்தக் கையிலிருந்து கண்ணாடிய எடுக்கறப்போ நான் பக்கத்துல நின்னவ. உங்க ரெண்டு பேருக்கும் அது ஞாபகம் இருக்கட்டும்.”

*

கியர் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. முதல் நாள் பெசன்ட் நகரில் செயின் இரண்டு தடவை கழன்றது. சிக்னலில் நின்றவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். மூன்றாம் நாள் அவள் குச்சியைப் பார்க்காமலே தள்ளினாள். உள்ளங்கை லேசாக உருளும், கொர் என்று ஒரு சத்தம், உடனே அமைதி. பின்னால் வந்த எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையில்.

ஆனால் பிடி சரியில்லை. ஹேண்டில்பாரில் வழக்கமாகச் சுற்றுவது மெத்தென்ற டேப். சென்னை வியர்வைக்கு அது ஊறிவிடும். முழுக் கையால் பிடிக்கிறவர்களுக்குத் தெரியாது. பாதி மடங்கிய விரலுக்குள் அது ஈர சோப்பு மாதிரி நழுவியது. இடது கையை எடுத்தவுடனே வண்டி ஆடியது. எடுத்தாள், ஆடியது, மறுபடி எடுத்தாள், மறுபடி ஆடியது. இருட்டும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

அந்தப் பழைய குச்சி வந்த காலத்தில் பாரில் என்ன சுற்றினார்கள் என்று அன்றைக்கு இரவே இன்டர்நெட்டில் தேடினோம். டேப் இல்லை. தக்கைத் தகடு, அதன்மேல் பருத்திக் கயிறு நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் அரக்கு. மரச்சாமானுக்கு அடிப்பார்களே, அதே அரக்குதான். பல தடவை பூசிக் காயவைத்தால் கயிறு தேன் நிறத்துக்கு வந்து, கெட்டியாகி, கைக்குச் சொரசொரவென்று நிற்கும்.

லஸ் பக்கத்தில் இனாயத் பாயின் பெயின்ட் கடையில் அரக்கு கிடைத்தது.

“இன்னா டீச்சரம்மா, கட்டிலுக்கா? பீரோவுக்கா?”

“சைக்கிளுக்கு பாய்.”

“சைக்கிளு எப்போலேர்ந்து மரத்துல வருது?”

“பிடிக்கு மட்டும். மழையில போகுமா?”

“தண்ணிக்கெல்லாம் மசியாது. ஸ்பிரிட்டுக்குத்தான் கரையும். ஸ்பிரிட்டுலதான் கலக்கணும், ஸ்பிரிட்டு பட்டாத்தான் இளகும். உங்க சைக்கிளு குடிக்காத வரைக்கும் கவலையில்ல.”

மூன்று பேரும் சிரித்தோம். கடையிலிருந்து வெளியே வந்ததும் அதை மறந்தும்விட்டோம்.

கயிற்றை மயிலாப்பூர் குளத்தோரக் கடையில் வாங்கினோம். வால்டர் அங்கிள் மாதா நிறமாக நீலமும் வெள்ளையும் வேண்டும் என்று அடம்பிடித்தார். பாரை வண்டியிலிருந்து கழற்றி, ஜொவிட்டா தரையில் உட்கார்ந்தாள். கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கு அடியில் கொடுத்து இறுக்கி, மடியில் பாரைத் திருப்பித் திருப்பிச் சுற்றினாள். நுனியிலிருந்து நடுவை நோக்கிச் சுற்ற வேண்டும். இடது பக்கம் அழகாக வந்தது, வரிக்கு வரி. வலது பக்கத்துக்குப் பாரைத் திருப்பிப் போட்டபோது, சுற்றை இழுத்துச் சேர்க்கிற வேலை வலது கைக்கு வந்தது. அதனால் கொஞ்சம் தளர்வு.

“நான் இழுத்துப் பிடிக்கட்டுமாம்மா?” என்றார் அங்கிள்.

“வேணாம் டாடி.”

“லேசா அலையடிக்கிற மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும். இதையே என்னால இழுக்க முடியலன்னா அங்க போய் என்ன பண்ணப்போறேன்?”

இரண்டு தடவை பிரித்துத் திரும்பச் சுற்றினாள். மூன்றாவது தடவையும் தளர்வாகத்தான் இருந்தது. விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அரக்கு. கடற்காற்றின் ஈரத்தில் முதல் பூச்சு வெளுத்துப்போனது. மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோய், வெயில் ஏறிய பிறகு பூசி, இறங்கும்முன் கீழே கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் போகிற நாட்களில் அந்த வேலையை அங்கிள் பார்த்துக்கொண்டார். பூச்சுமேல் பூச்சாக ஏறி, நீலம் கறுத்துப் பச்சையாகி, வெள்ளை பழுத்து, கயிறு கண்ணாடி மாதிரி மின்னியது. பாரை வண்டியில் திரும்ப மாட்டினோம்.

பிடி முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும், சாலை சமமாக இருக்கும்வரைதான் நின்றது. மேடு பள்ளத்தில் வண்டி உதறினால் மூன்று விரலும் மெல்ல வழுக்கி மேலே வந்தன. ஜொவிட்டா தினமும் காலையில் கடற்கரைச் சாலைக்குப் போனாள். இடது கையைத் தூக்கினாள். வைத்தாள். தூக்கினாள்.

*

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சாயந்திரம். வால்டர் அங்கிளுக்குச் சரியான ஜலதோஷம். பூசை மணிபோல விட்டுவிட்டுத் தும்மிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஹேண்டில்பாரைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆலிஸ் ஆண்ட்டி வேலை முடிந்து வந்தார், பார்த்தார்.

“தும்மின கையோட அத்தனையும் தடவி வெச்சிருக்கீங்களே, நாளைக்கு அவ அதைப் பிடிச்சிக்கினு அவ்வளவு தூரம் போகணும்!”

பஞ்சுத்துணியை எடுத்தார். சானிடைசர் கேனிலிருந்து தாராளமாக ஊற்றினார். பாரின் வலது பக்கத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். இடது பக்கம் சுவரோடு சாய்ந்திருந்ததால் அதைத் துடைக்கவில்லை. பிறகு வலது பக்கத்துக்கு இன்னொரு தடவை ஊற்றினார்.

ஜொவிட்டாவும் நானும் யாசிர் கடையிலிருந்து ஒரு ஸ்பேர் ட்யூப் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தோம். அவள் வழக்கம்போல வந்ததும் வராததுமாகப் பாரைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

“மம்மி. இது ஏன் பிசுபிசுங்குது?”

“துடைச்சேன். டாடி தும்மி…”

“எதால துடைச்ச?”

ஆலிஸ் ஆண்ட்டி கேனைக் காட்டினார். எனக்கு இனாயத் பாயின் குரல் காதுக்குள் கேட்டது. சானிடைசர் என்றால் என்ன? முக்கால்வாசி ஸ்பிரிட்.

அரக்கு வெல்லப்பாகு மாதிரி இளகியிருந்தது. கயிறு அதில் மிதந்தது. விரலால் தொட்டால் சுற்று விலகியது. வால்டர் அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, தும்மக்கூட மறந்து நின்றார்.

“நான் வேணும்னு செய்யலடீ” என்றார் ஆண்ட்டி. “நீ போக வேணாம்னு நெனச்சேன், நெஜம்தான். ஆனா இப்படிச் செய்வேனா?”

“தெரியும் மம்மி.”

“பிரிச்சிட்டுப் பழைய டேப்பைச் சுத்திடலாமா?” என்றேன் நான்.

ஜொவிட்டா கையை மெல்ல விலக்கி, அது இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் அழுத்திய இடத்தில் கயிறு விலகிப் பள்ளமாகியிருந்தது. விலகிய கயிறு பக்கத்தில் சின்ன மேடாக எழும்பியிருந்தது. மற்ற மூன்று விரலுக்கும் லேசான தடம் மட்டும்.

“மம்மி, அந்தக் கேனைக் கொண்டா.”

“எதுக்கு?”

“இன்னும் கொஞ்சம் ஊத்தணும். நல்லா இளகட்டும். அப்புறம் என் கைய இதுமேல வெச்சு, அப்படியே காய விட்டுடலாம். என் விரல் எவ்வளவு மடங்குதோ அந்த அளவுக்குப் பள்ளம் வரட்டும்.”

“மூணு விரலும் அழுத்தாதே?”

“நீ அழுத்து.”

ஆலிஸ் ஆண்ட்டி அவளையே பார்த்தார். பிறகு கிளினிக் பையைத் திறந்தார். அவருடைய நடையே மாறிவிட்டது. ரப்பர் கையுறை ஒன்றை மகளின் கையில் மாட்டி, தேங்காய் எண்ணெய் தடவினார், ஒட்டாமல் வர. கையைப் பாரின்மேல் சரியாக வைத்து, உள்ளங்கையின் அடி கியர் குச்சியைத் தொடுகிறதா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார். நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரல்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம். அழுத்து.”

கயிறு விரலுக்கடியிலிருந்து பிதுங்கி, இடுக்குகளில் மேடாக ஏறியது. அவளால் சுற்றி இறுக்க முடியாமல் விட்ட தளர்வுதான் இப்போது உதவியது. இறுக்கமாக இருந்திருந்தால் நகர்ந்திருக்காது. நீள பாண்டேஜை எடுத்து, மகளின் கையையும் பாரையும் சேர்த்து ஆலிஸ் ஆண்ட்டி சுற்றிக் கட்டினார். நல்ல இறுக்கம். அத்தனை வருஷத்து நர்ஸ் கை.

“ஷ்ரவண், டேபிள் ஃபேனைத் தூக்கிப் பிடிப்பா. நேரா அடிக்கணும். எவ்வளவு நேரம் காயணும்?”

“எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு” என்றேன்.

“அப்போ ஜெபமாலை சொல்லிடுவோம். எப்படியும் சொல்ற நேரம்தான்.”

அப்படித்தான் நடந்தது. ஜொவிட்டா ஸ்டூலில், கை பாரோடு கட்டப்பட்டு. அங்கிள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையில். நான் மார்கழியில் பாசுரம் கேட்டே வளர்ந்தவன், அன்றைக்கு டேபிள் ஃபேனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன். ஜொவிட்டாவின் இடது கை பார் ஆடாமல் பிடித்திருந்ததால் அவளால் மணி உருட்ட முடியவில்லை. அவளுடைய ஜெபமாலையையும் ஆண்ட்டியே வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து இரண்டையும் உருட்டினார். கடைசியில் மாதாவின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் மன்றாட்டு மாலை வந்தபோது, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது.

பாண்டேஜை வெட்டி, கையை உருவினாள். பாரின் வலது பக்கத்தில் ஒரு கை இருந்தது. கையில்லாத ஒரு கை.

*

“என்னடி இது, பலாப்பழத்தைப் பிழிஞ்சி வெச்ச மாதிரி?” என்றான் லாய்ட், விடியற்காலையில், சர்ச் வாசலில். குழு முழுக்கக் கூடியிருந்தது. இடது பக்கம் கரும்பச்சையும் தேன் நிறமுமாகக் கோடு நேர்த்தியாக மின்னியது. வலது பக்கம் கட்டிகட்டியாக, சாக்கடை நிறத்தில்.

“மம்மி செஞ்சது” என்றாள் ஜொவிட்டா.

“மம்மியா?” என்று அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டேன்.

கிளம்பினோம். அடையாறு பாலத்தில் அவள் வேகம் குறையவில்லை. நான்தான் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கத்தில் பால் வண்டிகளுக்கும் நாய்களுக்கும் வழிவிட்டு, நீலாங்கரைக்கு அப்புறம் லாய்ட் கத்தினான்.

“ஜோ! முன்னாடி!”

வரிசையிலிருந்து விலகி முன்னால் போனாள். லாய்ட் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நான். கடற்காற்று குறுக்கே வந்து முகத்தில் உப்பை அப்பியது. அவளுடைய உள்ளங்கை உருண்டது, கொர், அமைதி. பெடல் ஒரே சீராகச் சுற்றியது.

முதல் பள்ளம். இடது கை நீண்டு தரையைக் காட்டியது. வண்டி நேராகப் போனது. இரண்டாவது, ஒரு சின்ன வெடிப்பு. காட்டினாள். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் சாலையை வெட்டி, சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். குறுக்கே நீளமாக, கருங்கல் ஜல்லியோடு. விலக வழியில்லை, பக்கத்தில் பேருந்து. அவள் இடது கையைத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் அகல விரித்துக் காட்டியபடியே, வலது கையால் மட்டும் அதன்மேல் ஏறி இறங்கினாள். முன்சக்கரம் தடதடவென்று உதறியது. எனக்குத் தெரிந்தது அவளுடைய வலது முழங்கைதான், அதிர்ந்துகொண்டே இருந்தது. கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

லாய்ட் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

கோவளத்தில் இட்லிக் கடை. அவன் சாப்பிடவில்லை. அவளுடைய வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, தன் வலது கையை அந்தப் பிடியில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்தான். விரல்கள் மேட்டில் ஏறி நின்றன.

“எனக்கு உள்ள போகல” என்றான்.

“போகாது” என்றாள் ஜொவிட்டா, வாயில் இட்லியோடு.

“திரும்பிப் போறப்பவும் நீ முன்னாடி போ.”

“அதான் பாஸ் ஆயிட்டேனே?”

“பாஸ்தான். காத்து ஜாஸ்தியா இருக்கு, உன் பின்னாடி ஒளிஞ்சிக்கினு வரலாம்னு பார்க்கறேன். இன்னும் ரெண்டு இட்லி சொல்லட்டா?”

*

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. அடுத்த வாரம் சர்ச் வாசலில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்குள் வலது பக்கத்தைப் பிரித்து இடது பக்கம் மாதிரியே நேர்த்தியாகச் சுற்றித் தருகிறேன் என்று வால்டர் அங்கிள் நச்சரிக்கிறார். ஃபோட்டோ எடுப்பார்களாம். யாசிர் என்னவென்றால், இடது பக்கத்தையும் அப்படியே பிழிந்துவிடு என்கிறான். அவன் கடைக்கு வருகிறவர்களிடம் அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

இது எதுவும் பிரச்சினை இல்லை. பிரச்சினை நேற்று வந்தது. நேற்றுக் காலை கடற்கரைச் சாலையில் ஜொவிட்டா வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

“ஷ்ரவண், இங்க பாரேன். பிடி லூசா இருக்கு.”

“கயிறு கழண்டுடுச்சா?”

“இல்ல. சுண்டுவிரலப் பாரு.”

பார்த்தேன். பள்ளத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நெல் நுழையும் அளவு இடைவெளி. அரக்கு நகரவில்லை. கல் மாதிரி இருந்தது. விரல்தான் அன்றைக்கு நின்ற இடத்தைவிட இன்னும் கொஞ்சம் உள்ளே மடங்குகிறது, அதனால் அதன் நடுக்கணு பள்ளத்தை விட்டு எழும்புகிறது. தினமும் அதைப் பிடித்துப் பிடித்தே மடங்கியிருக்கலாம் என்கிறார் அவள் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ. ஆலிஸ் ஆண்ட்டி அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் சானிடைசர் கேனோடும் புது பாண்டேஜோடும் வந்து நின்றார். “இன்னைக்கே இளக்கி, இன்னைக்கு இருக்கற விரலுக்கு மாத்திடுவோம்” என்கிறார். லாய்டோ, வேளாங்கண்ணி போய்த் திரும்பும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது, ஓடுகிற வண்டியை நோண்டாதே என்கிறான். ஜொவிட்டா பாரைப் பிடித்துக்கொண்டு, பிடியை விட்டு, மறுபடி பிடித்து, சிரித்துக்கொண்டே நிற்கிறாள்; போகப்போவது சைக்கிளில்தான், அதில் அவளுக்கு மாற்றமில்லை. நான் டேபிள் ஃபேனைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்: மறுபடியும் கரைக்கலாமா, இல்லை அந்தக் கொஞ்சம் இடைவெளியோடு அப்படியே போகட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?